ஒரு கப் எத்தனை கிராம்?

கேள்வி: கேக் செய்முறையில் ‘ஒரு கப்’ என்றிருந்தால் எத்தனை கிராம் எடுப்பது?

பதில்: எதில் ஒரு கப் என்பதைப் பொறுத்தது. கப் அளப்பது இடத்தை, தராசு அளப்பது எடையை. நடுவில் நிற்பது அடர்த்தி. மில்லிலிட்டரை அடர்த்தியால் பெருக்கினால் கிராம் வந்துவிடும். தண்ணீரின் அடர்த்தி 1 என்பதால் அங்கே கணக்குக்கே வேலையில்லை. மற்றவை அவ்வளவு சாது அல்ல. அமெரிக்க கப் சுமார் 237 மி.லி. அதில் சர்க்கரை ஏறக்குறைய 200 கிராம், எண்ணெய் 218, தேன் 340.

தகராறு மைதாவில்தான். கரண்டியால் தளர்வாகப் போட்டுத் தலைதட்டினால் 120 கிராம் அளவில் நிற்கும். கப்பையே டப்பாவுக்குள் அழுத்தி மொண்டால் 150 வரை ஏறும். கால் பங்கு மாவு கூடுதல்! கேக் செங்கல்லானதற்கு அடுப்பைத் திட்டிப் பயனில்லை. தலைதட்டி அளக்கும் வழக்கத்தை அமெரிக்காவில் பரப்பியது 1896இல் வெளிவந்த ஃபேனி ஃபார்மரின் சமையல் நூல். ஆனால் தலையைத் தட்டலாம், உள்ளே இருக்கும் காற்றை என்ன செய்வது?

போதாக்குறைக்கு ஆஸ்திரேலிய கப் 250 மி.லி.; அங்கே மேசைக்கரண்டி 20 மி.லி., அமெரிக்காவில் 15. செய்முறை எந்த நாட்டுடையது என்று பார்த்த பிறகே பெருக்க வேண்டும்.

உப்பிலும் இதே கதை. தூள் உப்பு ஒரு தேக்கரண்டி சுமார் 6 கிராம்; கல் உப்பு பரல்களுக்கிடையே இடைவெளி அதிகம் என்பதால் எடை குறையும். சிட்டிகை சோடா உப்புக்கு மட்டும் கரண்டியே மேல்: ஒரு கிராமுக்குக் கீழே போனால் சாதாரண சமையலறைத் தராசு கண்டுகொள்ளாது.