காத்திருக்கும் சிப்பந்திகள் விஷயமாக ஒரு விஞ்ஞாபனம்

லண்டன் மாநகரில், ஒயிட்ஹால் வீதியில் வீற்றிருந்து ராஜாங்கக் காரியங்களுக்கு ஆள் சேர்க்கும் கனம் அதிகாரிகள் சமூகத்துக்கு, சென்னைவாசியாகிய அடியேன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது:

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதென்று 2016 ஜூன் 23-ஆம் தேதி தங்கள் நாட்டில் வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 52 பேர் தீர்மானித்த நாள் முதலாக, உடன்பாடு ஏதுமின்றிக் கதவு சாத்தப்பட்டால் டோவர் துறைமுகத்தில் லாரிகள் தேங்கி, மருந்தும் காய்கறியும் வராமல் போய்விடுமே என்று தாங்கள் கொண்ட விசாரத்தையும், அதற்குப் பரிகாரமாகத் தாங்கள் நியமித்த சிப்பந்திகளின் தொகையையும் படித்து நான் அடைந்த வியப்பு இன்னும் அடங்கியபாடில்லை. 2019 அக்டோபரில் இந்த ஒரு காரியத்துக்கென்றே 22,000 பேர் உத்தியோகத்தில் இருந்தார்கள் என்றும், அந்தக் காரியத்துக்கு ஆன குறைந்தது 440 கோடி பவுன் செலவில் 190 கோடி ஆள் செலவே என்றும் தங்கள் தணிக்கை அலுவலகம் கணக்குக் காட்டியிருக்கிறது. தீப்பிடித்தால் ஆள் திரட்டுவது உலக வழக்கம். சொந்தக் கூரைக்குக் கொள்ளி வைக்கத் தானே நாள் குறித்துவிட்டு, அந்த நாளுக்கு முன்னதாகவே குடத்தில் தண்ணீருடன் சம்பளத்துக்கு ஆள் நிறுத்தும் முன்யோசனையை எங்கள் பக்கத்தில் யாரும் கண்டதில்லை.

இந்த வித்தை தங்களுக்குப் புதிதன்று என்பதைப் பழைய பிரஜைகளாகிய நாங்கள் அறிவோம். வரி கொடாத உப்பு உள்ளே வந்துவிடக் கூடாதென்று, சிந்து நதிப் பக்கத்திலிருந்து மகாநதி வரையில் 2,000 மைலுக்கு மேல் சுங்க எல்லை வகுத்து, அதன் ஊடே இலந்தையும் வேலமும் சப்பாத்துக்கள்ளியுமாக முள்வேலி வளர்த்து, காவலுக்குச் சுமார் 12,000 பேரை வைத்திருந்தீர்கள். வேலியைச் செழிக்கச் செய்த சுங்கக் கமிஷனர் ஹியூம் துரை பிற்காலத்தில் காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணராயிருந்தவர்; பறவைகளின் பேரில் தீராத மோகம் கொண்டவர். 2019-இல் தங்கள் அவசரத் திட்டத்துக்கு யெல்லோஹாமர் என்று ஒரு மஞ்சள் குருவியின் பெயர் சூட்டியிருந்ததைக் கண்டபோது, பழைய வாசனை விட்டுப்போகவில்லை என்று எண்ணிக்கொண்டேன். 1879-இல் அந்த எல்லையைக் கைவிட்டீர்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: கள்ளிக்குச் சம்பளம் கிடையாது, பென்ஷனும் கிடையாது.

2019 ஜனவரி 7-ஆம் தேதி, கென்ட் பகுதியில் மான்ஸ்டன் என்னும் பழைய விமான நிலையத்தில், லாரிகள் தேங்கினால் எப்படியிருக்கும் என்று பார்ப்பதற்காக லாரிகளைத் தாங்களே பணம் கொடுத்து வரவழைத்தீர்கள். நூற்றைம்பதை எதிர்பார்த்த இடத்தில் 89 வந்தன; அவை வரிசையாக டோவர் வரையில் போய் வட்டமிட்டுத் திரும்பின; நெரிசல் உண்டாகவில்லை. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் லாரிகள் கடக்கும் துறைக்கு இது ஒத்திகை! எங்கள் ஸ்பெஷல் நாடகங்களில் நான்கு பேரைத் திரைக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு ஒரு சேனையைக் காட்டிவிடுவார்கள். அவர்களாவது டிக்கெட் விற்றார்கள். கப்பல் ஒன்றும் சொந்தமில்லாத கம்பெனிக்குக் கப்பல் போக்குவரத்துக்காக 1 கோடியே 38 இலட்சம் பவுன் ஒப்பந்தம் கொடுத்ததை நான் பிரஸ்தாபிக்கப் போவதில்லை.

எதிர்க்கரையில் ஒல்லாந்துச் சுங்கத்தார் சிரமமே இல்லாமல் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். 2021 ஜனவரியில், கப்பலை விட்டு இறங்கிய ஒரு லாரிக்காரர் வெள்ளிக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்த சாண்ட்விச்சில் பன்றியிறைச்சி இருந்தபடியால் அதைப் பறிமுதல் செய்தார்கள். இறைச்சியை எடுத்துக்கொண்டு ரொட்டியையாவது கொடுக்கலாகாதா என்று அந்த மனிதர் கேட்டதற்கு, கூடாது என்றார்கள்.

தங்கள் கரையிலோ, ஐரோப்பிய உணவுப் பண்டங்களைச் சோதிக்கும் முகூர்த்தம் ஐந்து முறை தள்ளிப்போயிற்று. பந்தல் போட்டாயிற்று, கோட்டையடுப்பு மூட்டியாயிற்று, தவசிப்பிள்ளைகள் கரண்டியும் கையுமாக நிற்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் மட்டும் அடுத்த தையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். போர்ட்ஸ்மத்தில் இரண்டரைக் கோடி பவுனில் கட்டிய சோதனைச் சாவடியில் பாதி இடம் உபயோகத்துக்கே வராது என்று தெரிந்த பிறகுதான், 2024 ஏப்ரல் 30-ஆம் தேதி ஒருவாறு தாலி ஏறியது. மறு வருஷம் மே மாதத்தில் இரு தரப்பாரும் லண்டனில் கூடி, அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவற்றை எடுத்துவிடுவதென்று பேசி வைத்துக்கொண்டார்கள்.

ஆகவே அடியேனின் விண்ணப்பம். எனக்கு வயது எழுபத்திரண்டு. பென்ஷன் பாக்கி உத்தரவை எதிர்நோக்கி வாசல் திண்ணையில் தபால்காரர் வரும் வேளையெல்லாம் உட்கார்ந்திருந்ததில், வராத பொருளுக்காகக் காத்திருப்பதில் பதினொரு வருஷ அநுபவம் உண்டு. போர்ட்ஸ்மத் சாவடியில், உபயோகமில்லாத அந்தப் பாதியில் ஒரு நாற்காலி காலியிருக்குமானால் அதற்கு அடியேனைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். குளிருக்குக் கம்பளி நானே கொண்டுவருவேன். மத்தியானத்துக்குத் தயிர்சாதம்தான், அதில் சோதிக்க ஒன்றும் இராது.

இங்ஙனம்,
தங்கள் பழைய பிரஜை ஒருவன்.