பத்தாயிரம் எங்கே போகிறது?

பவர் பேங்கின் முதுகில் 10,000 எம்.ஏ.எச். என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. கையடக்க வைஃபை ரவுட்டர் 5 வோல்ட்டில் சுமார் 500 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரத்தை ஐந்நூறால் வகுத்தால் இருபது. ஆகவே கரண்ட் போனாலும் இருபது மணி நேரத்துக்கு இணையம் உண்டு என்று, வகுத்தல் தெரிந்த யாரும் தைரியமாகச் சொல்லிவிடலாம். சொல்கிறவர் தைரியமாகவே இருப்பார், பன்னிரண்டரை மணி நேரம் வரை. அதற்குமேல் ரவுட்டர் அணைந்துபோகும், “கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்” என்ற வாசகம் வீட்டில் ஒலிக்கும். கம்பெனிக்காரனுக்காக வக்காலத்து வாங்குவது என் வழக்கமில்லை. ஆனாலும் இந்த வழக்கில் அவன் பெரும்பாலும் நிரபராதி. அந்த எண்ணை அப்படியே நம்புவதும் அதைப் பொய் என்று திட்டுவதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு முகங்கள். எந்த ரவுட்டருக்காக வாங்கினோமோ அதையே மாட்டி, பவர் பேங்க் காலியாகும்வரை ஓடவிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

முதலில் அந்தப் பத்தாயிரம். அது உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் கணக்கு. செல்லின் அழுத்தம் 3.7 வோல்ட், ரவுட்டர் கேட்பதோ 5 வோல்ட். 3.7-ஐ 5 ஆக்குகிற வேலையை உள்ளே ஒரு சின்ன சர்க்யூட் செய்கிறது. அது சும்மா செய்வதில்லை, கமிஷன் எடுத்துக்கொண்டு செய்கிறது. 10,000 எம்.ஏ.எச்.சை 3.7-ஆல் பெருக்கினால் 37 வாட்-மணி. இதில் நூற்றுக்குப் பதினைந்து கமிஷனாகவும் சூடாகவும் போனால் கையில் மிஞ்சுவது 31 சொச்சம். ரவுட்டர் தின்பது இரண்டரை வாட். வகுத்துப் பாருங்கள், அந்தப் பன்னிரண்டரை வந்து நிற்கும். 5 வோல்ட் கணக்கில் சொன்னால் நமக்குக் கிடைத்தது 6,300 எம்.ஏ.எச். அளவுதான். நூறு கிலோ நெல்லை அரைத்தால் அறுபத்தேழு கிலோ அரிசி தேறும். மூட்டையை எடை போட்டபோது நூறு கிலோ இருந்ததே என்று மில்காரரிடம் யாரும் சண்டைக்குப் போவதில்லை. பவர் பேங்குக்காரர்கள் நெல் எடையைக் கொட்டை எழுத்திலும், அரிசி எடையை எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்திலும் அச்சடிக்கிறார்கள். பூதக்கண்ணாடி இருந்தால் பல பவர் பேங்குகளின் முதுகில் அந்த இரண்டாவது எண்ணையும் படிக்கலாம். அவர்கள் மீது எனக்குள்ள ஒரே புகார் எழுத்தின் அளவைப் பற்றியதுதான்.

இதற்கெல்லாம் சோதனை எதற்கு, நாலு விளக்கு இருக்கிறதே என்பார்கள். அந்த விளக்குகளை நம்புவதற்குக் கிளி ஜோசியம் மேல். மலிவான பவர் பேங்குகளில் அவை செல்லின் அழுத்தத்தைப் பார்த்து எரிகின்றன. அழுத்தமோ நடுவில் வெகுநேரம் மெதுவாக இறங்கி, கடைசியில் தடாலென்று விழும் சுபாவமுள்ளது. அதனால் மூன்றாவது விளக்கு ஒரு யுகம் எரியும். கடைசி விளக்கு, நாம் சார்ஜரைத் தேடி எழுவதற்குள் விடைபெற்றுவிடும். ‘போனுக்கு ரெண்டு தடவை ஃபுல் சார்ஜ் ஆகுது’ என்பதும் சான்றாகாது. போன் சட்டென்று நிறையச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகிற விருந்தாளி. ரவுட்டர் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துக்கொண்டிருக்கிற வீட்டு ஆள். பெரும்பாலான பவர் பேங்குகள் விருந்தாளியை மனத்தில் வைத்தே செய்யப்படுகின்றன. இழுக்கும் கரண்ட் சில பத்து மில்லி ஆம்பியருக்குக் கீழே போனால், போன் நிறைந்துவிட்டது என்று முடிவு கட்டித் தூங்கிவிடும். சொந்த பேட்டரியுள்ள பாக்கெட் ரவுட்டரிடம் இது விபரீதமாகும். அதன் பேட்டரி நிறைந்ததும் இழுப்பு குறைகிறது, பவர் பேங்க் தூங்குகிறது. ரவுட்டர் தன் சேமிப்பைத் தின்று தீர்த்துவிட்டு அணைகிறது. முக்கால்வாசி நிரம்பிய பவர் பேங்க் பக்கத்திலேயே குறட்டை விட்டுக்கொண்டிருக்கும். இந்த ரகசியம் எந்த அட்டைப்பெட்டியிலும் அச்சாவதில்லை. மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். சில மாடல்களில் பட்டனை இருமுறை அழுத்தினால் தூங்காமல் விழித்திருக்கும் வசதி உண்டு.

ஆகவே நடுவில் ஒரு யு.எஸ்.பி. மீட்டரைச் செருகுங்கள். சில நூறு ரூபாய்ச் சமாசாரம். வோல்ட், ஆம்பியர், கடந்த நேரம், செலவான வாட்-மணி எல்லாம் ஒரு கட்டைவிரல் அகலத் திரையில் ஓடும். ரவுட்டர் அது எப்போதும் இருக்கப்போகிற இடத்தில்தான் இருக்க வேண்டும். சிக்னல் மோசமான உள்ளறையில் 4ஜி ரவுட்டர் டவரை எட்டுவதற்காகக் கத்திக் கத்திப் பேசும். கத்துவதற்குக் கரண்ட் செலவாகும். ஜன்னலோரம் வைத்தால் இழுப்பு குறைவதை மீட்டரிலேயே பார்க்கலாம். ஆனால் சிக்னல் வருகிற ஜன்னல் வழியாகத்தான் வெயிலும் வருகிறது. லித்தியத்துக்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏறுவது ஆகாது; மே மாத ஜன்னல் திண்டு அந்த எண்ணை அலட்சியமாகத் தாண்டும். பவர் பேங்க் நிழலில், ரவுட்டர் ஜன்னலில், நடுவில் நல்ல கேபிள். சோப்பு டப்பாவோடு இலவசமாக வந்த கேபிளாக இருந்தால், வழியிலேயே வோல்ட்டைக் குடித்துவிட்டு ரவுட்டரை அடிக்கடி மயக்கம்போட வைக்கும்.

இன்னொரு சோதனை அரை நிமிஷ வேலைதான், ஆனால் அதை யாரும் செய்வதில்லை. சார்ஜரைப் பவர் பேங்கிலும், பவர் பேங்கை ரவுட்டரிலும் மாட்டி, கரண்ட் இருக்கும்போதே சுவிட்சைக் கையால் அணையுங்கள். பல பவர் பேங்குகள் வாங்குவதிலிருந்து கொடுப்பதற்கு மாறும்போது ஒரு கணம் தடுமாறும். அந்த ஒரு கணத்தில் ரவுட்டர் அணைந்து, மறுபடி கண்விழித்து, டவரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் உங்கள் நேர்காணல் முடிந்திருக்கும்.

பெரியதாக வாங்கிவிட்டால் இத்தனை கணக்கு எதற்கு என்பது வசதியுள்ளவர்களின் ஆட்சேபம். விமானத்தில் 100 வாட்-மணி வரைதான் தனி அனுமதியில்லாமல் விடுவார்கள், அதுவும் கைப்பையில்தான். கடைகளில் 26,800 என்ற விநோத எண் தென்படுவது இதனால்தான்; பெருக்கினால் 99. அது எடையில் அரைக் கிலோவைத் தொடும், நிறைய ஒரு ராத்திரி பிடிக்கும். தவிர, பெரிய பவர் பேங்கும் சின்னதைப் போலவே தூங்கும். பி.ஐ.எஸ். பதிவு இருக்கிறதே என்பது அடுத்தது. இருக்கட்டும், இந்தியாவில் அது கட்டாயம். ஆனால் அந்த முத்திரை பாதுகாப்பைப் பற்றியது. எத்தனை மணி நேரம் ஓடும் என்று அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. போன் ஹாட்ஸ்பாட் போதுமே என்பவருக்கு என்னிடம் பதில் இல்லை. ஒற்றை ஆளுக்குப் போதும்தான். வீட்டு ஃபைபர் ரவுட்டர் 12 வோல்ட் கேட்டால் அதற்கென்று மினி யு.பி.எஸ். இருக்கிறது, அது வேறு வழக்கு.

இந்தச் சோதனைக்காக யாரும் பன்னிரண்டு மணி நேரம் காவல் இருக்க வேண்டியதில்லை. மெத்தையில் வைக்காமல் வெறும் டைல்ஸ் தரையில், கண்ணில் படுகிற இடத்தில், ஒரு பகல் வேளையில் ஆரம்பித்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். கணக்கை மனப்பாடமாக வைத்திருக்கும் மீட்டராக வாங்கினால், எல்லாம் அணைந்த பிறகும் அது சாட்சி சொல்லும். கிடைத்த மணிக்கணக்கை ஒரு துண்டு பேப்பர் டேப்பில் எழுதி, அந்த 10,000-த்தின் மேலேயே ஒட்டிவிடலாம். பென்சிலில் எழுதுவது நல்லது. சில நூறு தடவை ஏற்றி இறக்கினால் செல்லின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்துவிடும். அடுத்த வருஷம் அழித்துவிட்டுக் குறைத்து எழுத வேண்டியிருக்கும்.