விருந்தாளிக்கு வைத்தது

தமிழ் நடுத்தர வீட்டில் ஒரு பொருள் மட்டமாக இருந்தால் அதற்கு வாழ்வு உண்டு. அடுப்படியில் புழங்கும், கொல்லையில் வெயில் காயும், நாலு பேர் கை படும், விழும், நசுங்கும், மறுபடி எழும். நல்லதாக அமைந்துவிட்டால்தான் ஆபத்து. வந்த அன்றே செய்தித்தாளில் சுற்றி, மேலே ஒரு பழைய வேட்டியைப் போர்த்தி, பரணுக்கு ஏற்றிவிடுவார்கள். விசாரணை கிடையாது, ஜாமீன் கிடையாது. “நல்ல பொருள், எடுத்து வைப்போம்” என்பதுதான் தீர்ப்பு. எடுத்து வைப்பதற்கும் தொலைப்பதற்கும் எங்கள் வீட்டில் ஒரே ஒரு வித்தியாசம்தான்: தொலைத்த பொருளை என்றைக்காவது கண்டுபிடித்துவிடுவோம்.

திருச்சியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு ஷோகேஸ் இருக்கிறது. அதற்குள் நீலப்பூ போட்ட பீங்கான் டீ செட். அதன் கோப்பைகள் எதுவும் வெகுகாலம் டீயைப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தக் கோப்பைகளைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே காகிதக் கப்பில் டீ குடித்துவிட்டுப் போவார்கள். கேட்டால் அம்மா ஒரு நீதிபதியின் நிதானத்தோடு விளக்குவார். வந்தவர் சாதாரண ஆள் என்றால், “இவங்களுக்கு எதுக்குடா அதெல்லாம்?” பெரிய ஆள் என்றால், “அவங்க வீட்ல இதவிட நல்லது வச்சிருப்பாங்க, நம்மளத எடுத்து வச்சா சிரிப்பாங்க.” ஆக, அந்தக் கோப்பையில் டீ குடிக்கத் தகுதி உள்ளவர் நம்மைவிட உசத்தியாக இருக்க வேண்டும், ஆனால் அவர் வீட்டில் கோப்பையே இருக்கக் கூடாது. அப்படி ஒருவர் இன்னும் திருச்சி ஜங்ஷனில் வந்து இறங்கவில்லை.

திருக்குறளில் விருந்தோம்பல் 9-வது அதிகாரம். சேர்த்து வைத்துவிட்டு அனுபவிக்காமல் கிடக்கிற செல்வத்தைப் பற்றித் தனியாக ஓர் அதிகாரம் உண்டு; நன்றியில் செல்வம், 101-வது. நம் வீடுகளில் 9-ஐத் தலைகீழாக ஒப்பிப்பார்கள். 101 வரைக்கும் போகப் பொறுமை இருக்காது. வள்ளுவர் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தால் அந்த டீ செட் பிழைத்திருக்கும்.

சிங்கப்பூர் மாமா ஒருவர் இருந்தார். அவர் திருச்சி விமான நிலையத்தில் இறங்கினால் எங்கள் தெருவுக்கே மணக்கும். சோப்பு, சென்ட், பவுடர், கோடாலித் தைலம், பூப்போட்ட கம்பளி. இவற்றில் முழு ஆயுளும் வாழ்ந்தது கோடாலித் தைலம் ஒன்றுதான். தலைவலி நல்ல நாள் பார்த்து வருவதில்லையே. சோப்புகள் நேராகப் பட்டுப்புடவைகளுக்கு இடையே போய்ப் படுத்துக்கொண்டன. குளிப்பதற்கென்று பிறந்த சோப்பு, புடவைக்கு வாசனை கொடுக்கும் வேலையில் சேர்ந்து ஓய்வும் பெற்றது. கடைசியில் எடுத்துத் தேய்த்தபோது வெடித்து, காய்ந்து, நுரைக்கவே மறுத்தது. சென்ட் பாட்டில் என் கல்யாணத்துக்கு என்று காத்திருந்தது. வெயிலும் வெளிச்சமும் காற்றும் பட்டால் சென்ட் கெட்டுப்போகும் என்பது பீரோவுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. முகூர்த்தத்தன்று மாப்பிள்ளையிடமிருந்து வந்தது லேசான ஊறுகாய் வாசனை. பந்தியில் இலை போட்டுவிட்டதாகவே பலர் நினைத்தார்கள்.

எவர்சில்வர் சமாசாரம் தனிக் காண்டம். அந்தக் காலத்தில் பாத்திரக் கடையில் பெயர் வெட்டாமல் ஒரு டம்ளர்கூட வெளியே வராது. யார், யாருக்கு, எந்தத் தேதியில் கொடுத்தார்கள் என்று புள்ளி புள்ளியாகப் பொறித்திருக்கும். எங்கள் பரணில் இருந்த ஒரு போசியில் 1983 தேதியும், வீட்டில் யாருக்குமே தெரியாத ஒரு தம்பதியின் பெயரும் இருக்கின்றன. அவர்கள் எங்களுக்குக் கொடுத்தார்களா, அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது எங்களிடமே தங்கிவிட்டதா என்று அம்மா இன்றுவரை சொல்ல மறுக்கிறார். பக்கத்துத் தஞ்சாவூரில், 1010-ல் குடமுழுக்குக் கண்ட பெரிய கோயிலின் சுவரிலும் இப்படித்தான், ராஜராஜன் கொடுத்த பொன், வெள்ளிப் பாத்திரங்களை எடையோடு வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் சக்கரவர்த்தி கொடுத்தது பூஜைக்குப் புழங்குவதற்கு. பரணில் போட்டு வைக்க அல்ல. இறைவனே தினசரி உபயோகத்துக்குச் சம்மதித்த விஷயத்தில் எங்கள் வீட்டுக்கு மட்டும் என்ன தயக்கமோ!

எடுத்து வைத்தால் பொருள் அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. நாம் பயன்படுத்தாத பொருளை வேறு யாராவது பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். வெள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு அது கறுக்கும். தினமும் புழங்கிக் கழுவித் துடைக்கிற வெள்ளி அவ்வளவு சீக்கிரம் கறுப்பதில்லை. எங்கள் அம்மாவோ வெள்ளி டம்ளர்களை ஒன்றாகச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார். ரப்பரைப் பதப்படுத்துவதே கந்தகத்தை வைத்துத்தான். வருஷங்கள் கழித்து அவிழ்த்தபோது ஒவ்வொரு டம்ளருக்கும் இடுப்பில் கறுப்பாக அரைஞாண் கயிறு கட்டியிருந்தது.

பட்டும் அப்படித்தான். காஞ்சிபுரத்து அசல் ஜரிகை என்பது பட்டு இழையின்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. அதை ஒரே மடிப்பில் வருஷக்கணக்காக வைத்தால் மடிப்பு ஓடுகிற இடத்திலேயே முறியும். கட்டவில்லை என்றாலும் அவ்வப்போது எடுத்து உதறி, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வை என்று பெரியவர்கள் சொல்வது அதனால்தான். இன்னொரு பக்கம் துணி அந்து. அது ஒரு விசித்திரப் பிறவி. பறக்கிற அந்துப்பூச்சி எதையும் தின்பதே இல்லை. பட்டையும் கம்பளியையும் அரிப்பதெல்லாம் அதன் புழுதான். தான் ஒரு வாய் சாப்பிடாமல் எல்லாவற்றையும் பிள்ளைகளுக்கு விட்டுப்போகிற தாய்! அம்மாவின் பீரோவில் அது ஏன் இவ்வளவு சொந்தத்தோடு குடியிருக்கிறது என்று இதைப் படித்த பிறகுதான் புரிந்தது.

சித்தப்பாவின் பூட்ஸ் கதை ஊருக்கே தெரியும். விசேஷத்துக்கு மட்டும் என்று வாங்கி, டப்பாவோடு கட்டிலடியில் வைத்திருந்தார். பாலியூரித்தேன் அடிப்பாகம் உள்ள செருப்புகள் காற்றின் ஈரத்தைக் குடித்து, சும்மா இருந்தபடியே உளுத்துப்போகும். காலில் போடாததால் பிழைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் கிடையாது. ஒரு வரவேற்பு நிகழ்ச்சியில் மேடைக்கு ஏறினார். நடக்க நடக்க அடிப்பாகம் கறுப்புத் தூளாக உதிர்ந்தது. சின்னப் பிள்ளைகள் அந்தத் தூளைத் தொடர்ந்து வந்து அவரைக் கண்டுபிடித்து விளையாடினார்கள். புகைப்படத்தில் பார்த்தால் அவர் மட்டும் இரண்டு விரற்கடை குள்ளமாகத் தெரிவார்.

நகைக்கு வருவோம். அம்மாவின் ஒட்டியாணம் வங்கி லாக்கரில் இருக்கிறது. யாருக்காவது கல்யாணம் என்றால் மஞ்சப்பையில் வெளியே வரும். கல்யாணம் முழுக்க அம்மாவின் ஒரு கை இடுப்பிலேயே இருக்கும். தாலி கட்டும்போது எல்லோரும் அட்சதை போடுவார்கள், அம்மா ஒட்டியாணத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வார். வங்கி திறந்ததும் அது திரும்பப் போய்விடும். “லாக்கர்ல இருக்கறதுதான் நிம்மதி” என்பார். 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளை ஒருநாள் அவருக்கு வாசித்துக் காட்டினேன். தீயோ திருட்டோ ஊழியர் மோசடியோ நடந்து பொருள் போனால், வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப்போல் 100 மடங்கு வரைதான். மூவாயிரம் வாடகைக்கு மூன்று லட்சம். அதோடு, 7 ஆண்டுகள் லாக்கரைத் திறக்காமல், வைத்தவரையும் கண்டுபிடிக்க முடியாமல் போனால், வாடகை ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் வங்கியே திறந்து வாரிசிடம் ஒப்படைக்கலாம். அம்மா யோசித்துவிட்டு, “வாரிசு நீதானேடா, அப்புறம் என்ன?” என்றார். ரிசர்வ் வங்கியும் அம்மாவும் ஒரே கட்சி.

இதையெல்லாம் பழைய தலைமுறையின் வியாதி என்று சிரித்தால் நம் கையிலிருக்கும் போன் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். கடையில் அரைமணி நேரம் நின்று நிறம் தேர்ந்தெடுக்கிறோம். வெளியே வந்ததும் முதல் வேலையாக அதற்குக் கறுப்பு உறை போடுகிறோம். ரிமோட்டைப் பாலித்தீன் உறையோடு அழுத்தி அழுத்தி எண்கள் தெரியாமல் போய், எட்டு என்று நினைத்து ஐந்தைப் பார்க்கிறோம். புதுக்கார் சீட்டின் பிளாஸ்டிக்கைக் கிழிக்க மனம் வராது. திருச்சி மே மாதத்தில் அதன்மேல் உட்கார்ந்து எழுந்திருக்கும்போது பிரிவது பிளாஸ்டிக்கா நம் தோலா என்று தெரியாது. அடுத்து அந்தக் காரை வாங்கப் போகிறவர் சொகுசாக உட்காரட்டும் என்று நாம் வெந்துகொண்டிருக்கிறோம்.

ஆனால் அம்மாவைச் சும்மா கேலி செய்துவிட முடியாது. அந்த எவர்சில்வர் எல்லாம் பாத்திரச் சீட்டுக் கட்டி வாங்கியவை. மளிகையில் கொஞ்சம், காய்கறியில் கொஞ்சம் என்று மிச்சம் பிடித்து, மாசா மாசம் கட்டி, கடைசியில் ஒரு குடம். சில டம்ளர்கள் பழைய ஜரிகைப் புடவையைப் போட்டு எடுத்தவை. வருஷத்துக்கு ஒரு தீபாவளி, தீபாவளிக்கு ஒரு சட்டை என்று இருந்த வீட்டில் நல்ல பொருளை எடுத்துப் புழங்குவது ஊதாரித்தனம். ஒன்று போனால் இன்னொன்று வராது. அந்தக் கணக்கு அன்றைக்குச் சரி. வருமானம் மாறியது, கணக்கு மாறவில்லை.

“எல்லாம் பேத்தி கல்யாணத்துக்கு” என்பதுதான் அம்மாவின் கடைசி அஸ்திரம். பேத்தி பெங்களூரில் தோழிகளோடு தங்கி வேலை பார்க்கிறாள். போன முறை வந்தபோது அம்மா பரணிலிருந்து ஒரு கனமான பாத்திரத்தை இறக்கச் சொல்லி, பெருமையாக அவள் முன்னால் வைத்தார். அவள் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு காந்த பொம்மையை எடுத்து அடியில் ஒட்டிப் பார்த்தாள். கீழே விழுந்தது.

“அப்பாயி, இதுல காந்தம் ஒட்டல. இண்டக்‌ஷன் அடுப்புல சூடாகாது.”

“விறகடுப்புல நல்லா சூடாகுமே!”

“பெங்களூர்ல மூணாவது மாடியில விறகடுப்பா?”

பித்தளைக்கும் செம்புக்கும் அதே பதில். தலைமுறைக்கும் சேர்த்த சீதனம் ஒரு காந்த பொம்மையிடம் தோற்றது. அன்றைக்கு ராத்திரி அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை, எந்த விசேஷமும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, அவரே ஷோகேஸைத் திறக்கச் சொன்னார்.

புரட்சி என்றால் சேதாரம் இருக்கத்தான் செய்யும். முதல் வாரத்திலேயே நீலப்பூக் கோப்பை ஒன்று என் கையிலிருந்து நழுவியது. வீடே மூச்சைப் பிடித்தது. “சரி, திருஷ்டி கழிஞ்சுது” என்று அம்மா விளக்குமாற்றை எடுத்துவந்தார். அடுத்து வெள்ளி டம்ளர். உலோகங்களிலேயே வெப்பத்தை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளிதான். கொதிக்கிற காபியை ஊற்றிக் கையில் எடுத்தால் விரல் ரேகை மிஞ்சாது. ராஜாக்கள் அதில் காபி குடிக்கவில்லை என்பதை அன்றைக்கு நினைத்துப் பார்த்தேன். இப்போது அதில் மோர் குடிக்கிறோம். சாதாரண மோர்தான், என்றாலும் குடிக்கும்போது முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது.

என் மனைவி ஒரு புதன்கிழமை அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு அலுவலகம் போனாள். பேருந்தில் ஆரம்பித்தது. “என்ன விசேஷம்?” வாசல் காவலாளி, “என்ன விசேஷம்மா?” மேலதிகாரி, “இன்னிக்கு என்ன விசேஷம்?” ஒன்றுமில்லை என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. மறைக்கிறாள் என்றே முடிவு கட்டினார்கள். மத்தியானத்துக்குள் அவளுடைய திருமண நாள் என்று ஒரு தரப்பும், பதவி உயர்வு என்று இன்னொரு தரப்பும் வாழ்த்திவிட்டன. வேறு வழியில்லாமல் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தாள். “புடவை கிழிஞ்சிருந்தாக்கூட இவ்ளோ செலவாயிருக்காதுங்க” என்றாள். ஆனாலும் அடுத்த வாரம் மாம்பழக் கலரை எடுத்து வெளியே வைத்திருந்தாள்.

இப்போது எங்கள் வீட்டில் தினமும் நல்ல தட்டு, நல்ல டம்ளர், நல்ல போர்வை. பரணும் காலியாகிவிட்டது. எனக்கு ஒரே பெருமை. போன ஞாயிற்றுக்கிழமை ஏதோ சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு நிற்கிறார். காலடியில் ஒரு மூட்டை. இத்தனை வருஷம் நாங்கள் குடித்துக் குடித்து நசுங்கிப்போன பழைய டம்ளர்கள். ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றிப் பரணுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

“எதுக்கும்மா இதெல்லாம்?”

“சும்மா கிட. இந்தக் கனம் இனிமே எந்தக் கடையில கிடைக்கும்? நல்ல பொருள்டா இது.”