ரத்னகிரியில் ரஷ்யப் பறவைகள்

மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி, அல்போன்சா மாம்பழத்துக்குப் பேர்போன கொங்கண் மாவட்டம். அங்கே பாக்சைட் வெட்ட வந்த ஒரு திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை, ஊர்க்காரர்களே அறியாத சேதி ஒன்றைச் சொன்னது: இந்தப் பகுதிப் பறவைகள் ஸ்புரூஸ், பிர்ச் என்னும் குளிர்நாட்டு மரங்களின் காடுகளில் வாழ்கின்றன.

ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையைப் பார்த்து எழுதியது என்றார்கள் பொறாமைக்காரர்கள். பாக்சைட் எங்கே கிடந்தாலும் பாக்சைட்தானே? பறவைக்கு விசா உண்டா?

1994 முதல் இந்தியாவில் குறிப்பிட்ட வகைத் திட்டங்களுக்கு இந்த மதிப்பீடு கட்டாயம். ஆலோசகரை அமர்த்திப் பணம் தருபவர், திட்டத்தைக் கொண்டுவருபவரே. என்ன பொருத்தம்! திருத்துகிறவருக்கு மாணவனே கூலி கொடுத்துவிட்டால் பரீட்சையில் தோற்கும் மனவேதனை யாருக்கும் இராது.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். நாடு முழுவதற்கும் ஒரே அறிக்கையை அச்சடித்து, ஊர்ப் பெயருக்கு மட்டும் கோடிட்ட இடம் விடலாம். சுரங்கமா, துறைமுகமா, அனல்மின் நிலையமா என்று ஒரு டிக். ‘பாதிப்பு இல்லை’ என்பது முன்கூட்டியே அச்சாகியிருக்கும்.

ரத்னகிரி அறிக்கைக்காகக் களத்தில் யாருமே உழைக்கவில்லை என்பது அபாண்டம். காட்டுக்குள் நடந்து, மரம் பார்த்து, பறவையைக் குறித்துவைத்த நிபுணர் ஒருவர் நிச்சயம் இருக்கிறார். ரஷ்யாவில். ரத்னகிரிப் பணத்தில் அவருடைய பங்கை அனுப்புவதுதான் பாக்கி.