மாப்ளைக்கு உதிர்ந்த புட்டு

வாய்யா மாப்ள, உக்காரு. நம்ம கப்பலூர் டோல்கேட் பக்கம் டீக்கடையில நீ நேத்துப் பேசுனது எனக்கும் வந்து சேந்துச்சு. உலகத்துல உள்ள புராணம் அம்புட்டுக்கும் உள்ளுக்குள்ள ஒரே அர்த்தந்தானாமுல்ல? வந்திக் கெழவி ஜீவாத்மாவாம், வைகை வெள்ளம் பிறவியாம், அடைக்கச் சொன்ன கரை முதுகுத்தண்டாம், அதுல சரசரன்னு ஏறுறது குண்டலினியாம். கேட்டுக்கிட்டிருந்த லாரி டிரைவர் பாதி டீய அப்படியே வச்சுட்டு வண்டிய எடுத்துட்டாருன்னு கேள்வி. படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அப்ப புட்டு என்னய்யா?

பக்குவப்பட்ட ஆன்மாவா? அப்படின்னா அது எதுக்கு அன்னைக்குப் பாத்து உதுந்து உதுந்து விழுந்துச்சு?

மதுரைப் பக்கம் பொறந்துட்டு இந்தக் கதைய செல்போனுல கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டவன் நீ. அதனால ஒருக்கா நான் சொல்றேன். அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் குடுத்த காசை, மந்திரியா இருந்த மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில கோயிலுக்குச் செலவழிச்சுப்புட்டாரு. இன்னைக்கு ஆவுடையார்கோயில்ங்கிறோமே, அந்த ஊரு. நரியெல்லாம் பரியா வந்து, ராத்திரியில பரியெல்லாம் திரும்ப நரியாகி லாயத்தைக் கதிகலங்க வச்சதும் ராஜாவுக்குக் கோவம். மந்திரியச் சுடுமணல்ல நிறுத்துனாரு. சாமி வைகையத் தொறந்துவிட்டாரு. வீட்டுக்கு ஒரு ஆள் வந்து, அளந்து விட்ட பங்குக் கரைய அடைக்கணும்னு உத்தரவு. ஆளில்லாத வீடு ஒண்ணு, புட்டு வித்துப் பொழைக்கிற வந்தி வீடு.

அங்க கூலியாளா வந்து நிக்கிறாரு சொக்கநாதரு. பேரம் என்னன்னு பாரு. முழுசா நிக்கிற புட்டு விக்கிறதுக்கு, உதுந்தது கூலிக்கு. கெழவிக்குக் காக்காசு நட்டமில்ல. ஒத்துக்கிட்ட ஆளு அவளுக்கு மேல எமகாதகன். அன்னைக்கு அவிச்சதுல ஒண்ணு விடாம உதிர வச்சுட்டாரு. தின்னாரு, ஆடுனாரு, பாடுனாரு, கூடையத் தலைமாட்டுல வச்சுத் தூங்குனாரு. ஊரு பங்கெல்லாம் அடைஞ்சிருச்சு, கெழவி பங்கு மட்டும் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிது. பாண்டியன் பெரம்பால ஒரு போடு போட்டாரு. அந்த அடி ராஜா முதுகுல, ராணி முதுகுல, ஊரு உலகத்துச் சீவராசி அம்புட்டு முதுகுலயும் விழுந்துச்சு. ஒரு கூடை மண்ணைத் தட்டிட்டு ஆளு மாயமாயிட்டாரு, கரை அடைஞ்சிருச்சு.

இதுல முதுகு இருக்கு மாப்ள, ஒத்துக்கிறேன். முதுகுத்தண்டைத்தான் காணோம்.

பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்துல விலாவாரியாச் சொன்னது இது. அதுக்கு ரொம்ப முந்தியே, மண் சுமந்ததும் கூலி வாங்குனதும் அடிபட்டதும் திருவாசகத்துல வந்திருச்சு. புட்டு, கூலி, பெரம்புன்னு மூணும் கண்ணுக்கு முன்னால கெடக்கறப்ப, அதைத் தாண்டிக் குதிச்சு நீ குண்டலினியத் தேடுற.

உலகம் பூரா வெள்ளக் கதை இருக்குங்கிறது நெசந்தான். நான் ஒண்ணும் கெணத்துத் தவளை இல்ல. 1872-ல லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல ஜார்ஜ் ஸ்மித்துன்னு ஒருத்தரு, ஈராக்குல தோண்டுன களிமண் பலகையப் படிச்சுப் பாத்தா, பைபிள்ல வர்ற நோவா கதை மாதிரியே ஒரு வெள்ளம், ஒரு படகு, வெளிய பறக்கவிட்ட பறவை. சந்தோசத்துல சட்டையக் கழட்டிட்டு ரூமுக்குள்ள ஓடுனாருன்னு சொல்லுவாக. அர்த்தம் தேடுறவுக புத்தி எல்லாச் சீமையிலயும் ஒண்ணுதான் போல.

அந்த நாட்டுலயே அத்ரகசிஸ்னு இன்னொரு கதை, 3,600 வருசத்துக்கு மேல பழசு. அதைக் கேளு. மனுசன் பொறக்குறதுக்கு முந்தி, சின்னச் சாமிகதான் ஆறு வெட்டி வாய்க்கா வெட்டி மண்ணு சொமந்துச்சாம். பெரிய சாமிக உக்காந்து தின்னுச்சாம். ஒரு நா ராத்திரி சின்னச் சாமிகளுக்குப் பொறுக்கல. மண்வெட்டி கூடையெல்லாம் தீயில போட்டுட்டு, பெரிய சாமி வாசல்ல போயி உக்காந்துருச்சு. வேலைநிறுத்தம்! அப்பத்தான் ஒரு சாமிய வெட்டி, ரத்தத்தைக் களிமண்ணுல பெசஞ்சு மனுசனைப் பண்ணுனாக. எதுக்கு? நம்ம கூடைய அவன் தூக்கட்டும்னு. தூக்குன மனுசன் பெருகிப்போயி சத்தம் போட்டான், தூக்கம் கெட்டுப்போச்சுன்னு வெள்ளத்தை விட்டாக.

இப்பச் சொல்லு. அங்க கூடையக் கீழ போட்டுட்டு மனுசன் தலையில ஏத்துன சாமி. இங்க மனுஷி தலையிலருந்து எறக்கித் தன் தலையில வச்சுக்கிட்ட சாமி. ரெண்டையும் ஒரே குறியீடுன்னு மூட்டை கட்டிட்டா, இந்த வித்தியாசம் எங்க போகும்? ஜோசப் கேம்பல்னு அமெரிக்காக்காரரு 1949-லயே ஆயிரம் முகத்துக்கும் நாயகன் ஒருத்தந்தான்னு புத்தகம் போட்டாருன்னு நீதான் சொன்ன. பாவம், அவரு நம்ம தெருவுக்கு வந்ததில்ல. இங்க ஒருத்தனுக்கே ரெண்டு மொகம்.

சீனத்துலயும் ஒரு கதை. குன்னுன்னு ஒருத்தரு வெள்ளத்துக்குக் கரை மேல கரை போட்டுத் தோத்துப் போனாரு. மகன் யூ, வாய்க்கா வெட்டித் தண்ணிய வடிய விட்டு ஜெயிச்சாரு. 13 வருசம் அலைஞ்சதுல சொந்த வீட்டு வாசலை மூணு தடவை தாண்டியும் உள்ள போகலையாம். இதை உங்கத்தைகிட்டச் சொன்னேன். “வேற எங்கயாச்சும் போயிருப்பான்”னுட்டா.

நம்ம பக்கத்துக் கம்மாய்க்கெல்லாம், வந்தி கதையில வந்த மாதிரியே, வீட்டுக்கு ஒரு ஆளுங்கிற குடிமராமத்து ரொம்பக் காலத்து வழக்கம். அதைச் சட்டமாவே ஆக்குனான் வெள்ளைக்காரன். 1858-ல மெட்ராஸ் மாகாணத்துக்குக் கட்டாய வேலைச் சட்டம். கம்மாக் கரை ஒடையப் போகுதுன்னா, சுத்துப்பட்டுல ஒழைச்சுச் சாப்பிடுற ஆம்பளைக வந்து மண்ணள்ளணும், வராட்டி தண்டனை. எழுதிப் பாஸ் பண்ணுனவுக யாரும் கூடை தூக்கணும்னு அதுல இல்ல. நம்ம வந்தி கதையில பாண்டியனும் தூக்கல, அடி மட்டும் சரியாப் பங்காச்சு. வீட்டுல ஆளில்லாதவ என்ன செய்வா, கூலிக்காரனை அடிச்சா யாருக்கு வலிக்கணும்னு எவனோ ஒருத்தன் ராத்திரியெல்லாம் யோசிச்சிருக்கான்யா. அடி எல்லாருக்கும் விழுந்ததுக்கு, எல்லா உசுரும் ஒண்ணுங்கிற தத்துவம்னு நீ சொல்ற பாரு, அது மட்டும் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா அந்தத் தத்துவம் சிம்மாசனத்துல உக்காந்து வெளங்கல. ஒரு கூலிக்காரன் முதுகுல வெளங்குச்சு.

இன்னொண்ணு. வடக்க தெரியுதே பசுமலை, அந்தப் பக்கம் நாகமலை, ஒத்தக்கடையில ஆனைமலை. மூணும் சமணர் மதுரைய அழிக்க ஏவுன மாயப் பசு, மாயப் பாம்பு, மாய ஆனைன்னு அதே புராணம் சொல்லுது. ஆனை அஞ்ஞானம், பாம்பு ஆசைன்னு நீ செல்போனுல கேக்குற ஆளு வீடியோவுல போட்டிருப்பான். ஆனைமலைக்குப் போயிப் பாரு. பாறையில மகாவீரர், பாகுபலி சிலை இருக்கு. குகையில படுக்கை வெட்டியிருக்கு, பக்கத்துல தமிழி எழுத்து இருக்கு. அங்க படுத்து எந்திரிச்சது அஞ்ஞானம் இல்லய்யா, ஆளுக. தோத்தவுக கதைய ஜெயிச்சவுக சொன்னா மாயப் பசுதான் வரும். அதுக்கும் மேல நீ ஒரு கோட்டு ஞானப் பெயிண்டு அடிச்சா, சண்டை நடந்த தடமே தெரியாமப் போயிரும்.

ஆவணி மூலத்துக்கு, இந்தப் புட்டுத் திருவிழா நடக்குற புட்டுத்தோப்புக்கு வா, கூட்டிட்டுப் போறேன். திருவாதவூர்ல இருந்து மாணிக்கவாசகர் வருவாரு, நம்ம திருப்பரங்குன்றத்து முருகனும் வருவாரு. மீனாட்சியும் சொக்கரும் அங்க கெளம்பிட்டா, திரும்புற வரைக்கும் பெரிய கோயில்ல நடை சாத்தியிருக்கும். வெளியூர்க்காரக வந்து ஏமாந்து நிப்பாக. மண்ணள்ளப் போன ஆளு வீடு பூட்டித்தான கெடக்கும்? குங்குமப் பொட்டலத்தோட நிக்கிறவுகளுக்கு உன் முதுகுத்தண்டு வெளக்கத்தைச் சொல்லி ஆறுதல் படுத்து.

அதுக்கு முந்தி ஒரு வேலை இருக்கு. உங்கத்தை நாளைக்கு நூறு நாள் வேலைக்குக் கம்மாக் கரைக்குப் போறா. வெயில் ஏறுறதுக்குள்ள போயி, “அத்தை, நீ தூக்குறது கூடை இல்ல, கர்மா”ன்னு சொல்லிப் பாரு. சொல்றப்ப தலையில துண்டு கட்டிக்க. எப்படியும் அதை உன் தலையில வச்சிருவா.