புது ஊர், பழைய சைக்கிள்

கே: சேலத்தில் எந்த ஞாயிறு எந்த ரோட்டில் ரேஸ் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சோழிங்கநல்லூருக்குக் குடிவந்த பிறகு ஒன்றும் தெரியவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டால் விழிக்கிறார்கள். யாரைக் கேட்பது?
– சேலத்துக்காரர்

ப: அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறப்பதற்குள் ரேஸ் முடிந்து பரிசும் கொடுத்துவிடுகிறார்களே! ஞாயிறு காலை 5.30 மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய் நில்லுங்கள். மகாபலிபுரம் பக்கமாகக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். முன்னால் பறப்பவர்களிடம் கேட்டுப் பயனில்லை. நீங்கள் "அண்ணா" என்று வாயெடுப்பதற்குள் முட்டுக்காடு தாண்டியிருப்பார்கள். ஓரமாக உட்கார்ந்து பஞ்சர் பார்ப்பவரைத் தேடுங்கள். ஒரு டயர் லீவரை நீட்டினால் போதும். அடுத்து எங்கே ரேஸ், யார் நடத்துகிறார்கள், போன தடவை யார் யாரை இடித்துத் தள்ளினார் என்பதுவரை கொட்டிவிடுவார்.

இன்னொரு இடம், சனிக்கிழமை சாயங்கால சைக்கிள் கடை. கண்ணாடிக் கதவு ஷோரூம் அல்ல. வீலைச் சுற்றவிட்டு, பிரேக் கட்டையில் எங்கே உரசுகிறது என்று காதாலேயே பிடித்து, ஸ்போக்கைக் கால் திருப்பு மட்டும் திருப்பிப் பெண்டு எடுக்கிற மெக்கானிக் இருக்கும் கடை. மறுநாள் ரேஸ் இருந்தால் ஏழெட்டு ரேஸ் சைக்கிள்கள் செயின் கழுவி வரிசையாகத் தொங்கும்; மெக்கானிக் நிமிர்ந்தும் பார்க்கமாட்டார். வண்டிகளைப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். பேச்சுக் கொடுக்கச் செவ்வாய்க்கிழமை போங்கள்.

மாநில அணி வரைக்கும் ஆசை இருந்தால் இந்தத் தகவல் போதாது. மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், இந்திய சைக்கிளிங் சம்மேளனம் என்று படியேற வேண்டும். தேர்வுப் போட்டித் தேதியைச் சங்கத்திலேயே கேட்டு வாங்குங்கள். வழிப்போக்கர் சொன்ன தேதியை நம்பிப் போனால் காலி மைதானத்தைத்தான் சுற்றிவரலாம்.

கே: ரைடு என்கிறார்கள், பிரவே என்கிறார்கள், ரேஸ் என்கிறார்கள். எதற்குப் பெயர் கொடுப்பது?
– குழம்பிய குரோம்பேட்டைவாசி

ப: ரைடு என்றால் முடிவில் பொங்கல், வடை. பிரவே என்றால் 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்துக்குள், 300ஐ 20 மணி நேரத்துக்குள், 600ஐ 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முதலில் வந்தவருக்கும் கடைசி நிமிடத்தில் தள்ளாடி வந்தவருக்கும் ஒரே மரியாதை. ரேஸ் என்றால் ஒருவர் ஜெயிப்பார். மற்றவர்கள் கியர் சரியில்லை என்பார்கள்.

கே: கட்டணம் வாங்கினார்கள். டி-ஷர்ட் கொடுத்தார்கள், வந்தவர்களுக்கெல்லாம் மெடலும் கொடுத்தார்கள். இது ரேஸா?

ப: டி-ஷர்ட் அளவு சரியாக இருந்ததா? அதுவரை லாபம். அடுத்த முறை பணம் கட்டுமுன் மூன்றே கேள்வி கேளுங்கள்: ரோட்டுக்குப் போலீஸ் அனுமதி இருக்கிறதா, ஆம்புலன்ஸ் கூட வருகிறதா, முடிவுப் பட்டியலை வெளியிடுவார்களா? மூன்றுக்கும் "பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் நீங்களும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கே: வங்கி வேலையில் விருதுநகருக்கு மாற்றல். பையனுக்கு 12 வயது, சைக்கிள் பைத்தியம். அவனுக்கு இங்கே போட்டி உண்டா? கியர் சைக்கிள் கேட்டு உயிரை எடுக்கிறான்.

ப: செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாள். அதையொட்டி மாவட்டந்தோறும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மிதிவண்டிப் போட்டி நடத்துகிறது. 13 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு 15 கி.மீ., பெண்பிள்ளைகளுக்கு 10 கி.மீ. அதற்கு மேல் 15, 17 வயதுப் பிரிவுகளில் பையன்களுக்கு 20, பெண்களுக்கு 15. தலைமையாசிரியரிடம் வயதுச் சான்று வாங்கிக்கொண்டு மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்குப் போங்கள். இந்தியாவில் தயாரான, சாதாரண கைப்பிடி வைத்த சைக்கிளுக்குத்தான் அனுமதி, கியர் கூடாது. விதியைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். உங்கள் பர்ஸைக் காப்பாற்றிய ஒரே அரசு விதி இதுவாகத்தான் இருக்கும்.

கே: தஞ்சாவூரிலிருந்து கோவைக்கு வந்தேன். முதல் ரேஸில் வாளையார் பக்கம் தனியாக முன்னே போனேன். எட்டுப் பேர் என் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்து கடைசியில் தாண்டிவிட்டார்கள். இது நியாயமா?

ப: நியாயமேதான். முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டி வருபவருக்கு மிதிக்கிற பாடு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம். ஒவ்வொருவராக நேரம் குறித்து விடுகிற டைம் டிரயலில்தான் அது குற்றம். ரோடு ரேஸில் அதற்குப் பெயர் மூளை.

நீங்கள் பார்க்கத் தவறியது காற்றை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கி.மீ. அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஜூன் தொடங்கித் தென்மேற்குக் காற்று அந்த வழியாகத்தான் கோவைக்குள் புகுகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளை வேண்டுதலுக்காகவா நட்டார்கள்? ஆடியில் அம்மியே பறக்கும்போது எட்டு கிலோ சைக்கிள் எம்மாத்திரம்! மேற்கே போகும்போது அகலமான முதுகாகப் பார்த்துப் பின்னால் ஒளிந்துகொள்ளுங்கள். முன்னே வரச்சொல்லிக் கையை ஆட்டுவார்கள், இருமிக் காட்டுங்கள். கிழக்கே திரும்பியதும் இருமல் தானாக நின்றுவிடும்.

கே: நாகர்கோவில்காரி, இப்போது இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். இங்கே ரேஸ் எங்கே என்று கேட்டால் ஊர்ப் பெயருக்குப் பதிலாக ஓர் எழுத்தும் எண்ணும் சொல்கிறார்கள். என்ன ரகசியம்?

ப: ஒரு காலத்தில் நிஜமாகவே ரகசியம்தான் அம்மா. ரோட்டில் கூட்டமாக ரேஸ் விட்டால் போலீஸ் கோபித்துக்கொண்டு சைக்கிளையே ரோட்டை விட்டு விரட்டிவிடும் என்று பயந்து, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்த நாட்டு சைக்கிள் சங்கமே தன் ஆட்களுக்குத் தடை போட்டது. 1895இல் பிட்லேக் என்பவர் மாற்றுவழி கண்டார்: இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அனுப்பி, கடிகாரத்தோடு மோதவிடுவது. விடியற்காலை, தலை முதல் கால்வரை கறுப்பு உடை, பாதைக்குச் சங்கேதப் பெயர். கன்னக்கோல் மட்டும்தான் இல்லை.

1942 ஜூன் 7ஆம் தேதி பெர்சி ஸ்டாலர்ட் என்ற சைக்கிள் வீரர் பொறுமை இழந்து, வேல்ஸின் லாங்கோலனிலிருந்து வுல்வர்ஹாம்ப்டனுக்கு 59 மைல் ரேஸைக் கூட்டமாகவே நடத்திக் காட்டினார். யுத்த காலம், பெட்ரோல் இல்லாமல் ரோடு காலி. போலீஸ் ஒத்துழைத்தது, சங்கம்தான் அவரைத் தள்ளிவைத்தது! அவர் பக்கத்தார் போட்டிச் சங்கம் தொடங்க, 1959இல் இரண்டும் ஒன்றாகும்வரை சண்டை. போலீஸ் பயம் போய்விட்டது, எழுத்தும் எண்ணும் மட்டும் ஒட்டிக்கொண்டன.

உங்களுக்கு வேண்டியது, கோடையில் வாரநாள் சாயங்காலம் உள்ளூர் கிளப்புகள் நடத்தும் 10 மைல் டைம் டிரயல். புது ஆளையும் சேர்த்துக்கொள்வார்கள். ஹெல்மெட்டும் பின்பக்கச் சிவப்பு விளக்கும் கட்டாயம். அங்கே நாலு பேர் பழக்கமானால் கூட்டமாக ஓட்டும் ரேஸ் எங்கே என்பதும் தெரிந்துவிடும். அதற்கு பிரிட்டிஷ் சைக்கிளிங்கில் லைசென்ஸ் எடுத்து, நான்காம் பிரிவிலிருந்து தொடங்க வேண்டும்.

கே: புது ஊரில் முதல் ரேஸிலேயே ஜெயிக்க முடியுமா?

ப: முடியும். எந்தத் திருப்பத்தில் மணல் கிடக்கும், எங்கே டவுன் பஸ் மூக்கை நீட்டும் என்று உள்ளூர்க்காரருக்குத் தெரியும். முந்தின வாரமே அந்தப் பாதையில் ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள். "ஜெயிக்க" என்பதை நீங்களே "முடிக்க" என்று திருத்திக்கொள்வீர்கள்.

கே: ரேஸ் பார்க்கலாம் என்று என் வீட்டுக்காரர் கூட்டிப்போனார். இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றோம். சர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இதற்கா?

ப: சமதளத்தில் நிறுத்தியது அவர் தப்பு. மேடாகப் பார்த்து நில்லுங்கள். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. அங்கே சூரர்கள்கூட நடக்கிற வேகத்தில்தான் வருவார்கள், முகம் கோணுவதை நிதானமாக ரசிக்கலாம். மலை இல்லாத ஊரென்றால் சின்ன வட்டத்தில் பல சுற்று ஓட்டும் கிரிட்டீரியம் பாருங்கள். அவர் பெயரையும் கொடுத்துவிடுங்கள். வெயிலில் நிற்கிற வேலை அவருக்கு மிச்சம்.

கே: எங்கள் ஊர்ப் பொங்கல் விழாவில், மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டியில் எப்போதும் நானே முதல். இங்கே வந்து பார்த்தால் எல்லாமே வேகப் போட்டி. என் திறமைக்கு வழியே இல்லையா?

ப: ஏன் இல்லை? ரோட்டை விட்டுவிட்டு டிராக் சைக்கிளிங்குக்கு வாருங்கள். அங்கே ஸ்பிரிண்ட் என்று ஒரு போட்டி. முன்னால் போனால் எதிராளி பின்னால் ஒட்டிக்கொள்வானே என்று, நடு ஓடுபாதையில் காலைக் கீழே ஊன்றாமல் அப்படியே நின்று, "நீ போ, நீ போ" என்று கண்ணால் தள்ளுவார்கள். அதிகபட்சம் 30 வினாடி நிற்கலாம் என்று விதியே போட்டிருக்கிறார்கள். அந்த 30 வினாடியில் உங்களை அசைக்க உலகத்தில் ஆளில்லை. கடைசி 200 மீட்டரில் மட்டும் கொஞ்சம் அவசரப்படுவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.