சிவந்துபோன கல்யாணம்

எங்கள் வீட்டுப் படங்களிலேயே அதிகம் கெட்டுப்போயிருப்பவை கலர் படங்கள்தாம். 1983இல் நடந்த சித்தி கல்யாணம்தான் எங்கள் குடும்பத்தின் முதல் கலர் ஆல்பம். வந்தவர்கள் கையெல்லாம் மாறி மாறிப் போன ஆல்பம் அது. இன்று ஸ்கேனரில் கவிழ்த்து வைத்தால் திரையில் வருவது செம்மண் நிறம்தான். வாழைமரம், மாப்பிள்ளை வேட்டி, சித்தியின் முகம் எல்லாம் ஒரே சிவப்பு. அதற்கு முப்பது வருஷம் முன்னால் கும்பகோணத்து ஸ்டூடியோவில் தாத்தாவும் பாட்டியும் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்திலோ பாட்டியின் மூக்குத்திக் கல் இன்னும் மின்னுகிறது.

காரணம் எளியது. கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவமாக நிற்பது வெள்ளித் துகள். கலர் தாளைக் கழுவும்போது வெள்ளி போய்விடும். மூன்று சாயங்கள் மட்டும் மிஞ்சும். அந்தக் காலத்துத் தாள்கள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறும். வெயிலே படாமல் பீரோவுக்குள் பூட்டி வைத்தாலும் வெளிறும். அது போனபின் சிவப்புதானே எஞ்சும்?

ஆல்பத்துக்கும் அதே கதிதான். பழையது கறுப்புத் தாள், நான்கு மூலைக்கும் குட்டிக் கார்னர், நடுவே பட்டர் பேப்பர். படத்தைக் கழற்றலாம், பின்பக்கத்து எழுத்தைப் படிக்கலாம். பின்னால் வந்தது பசை தடவிய அட்டையும் மேலே பிளாஸ்டிக் தாளும். வேலை மிச்சம் என்று எல்லோரும் அதற்கு மாறினோம். அந்தப் பசை மஞ்சளாகி, படங்களை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இழுத்துப் பிய்க்கக் கூடாது. வராத படத்தை அட்டையோடு வைத்தே ஸ்கேன் செய்தேன். சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தையும் கண்ணாடியோடுதான் எடுக்க வேண்டும். சாதாரணப் படத்துக்கு 600 டிபிஐ போதும். ஸ்டாம்பு அளவுப் படங்களுக்கு 1200 வைத்தேன். மூலப்பிரதியை டிஃப் கோப்பாக வைப்பது நல்லது. ஜேபெக்கில் ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் நுணுக்கம் போகும்.

கூடத்தில் மாட்டியிருந்த கொள்ளுப்பாட்டி படத்தையும் அப்படித்தான் எடுத்தேன். திரையில் பெரிதாக்கியபோது கண்கள் மட்டும் வேறாக இருந்தன. முகத்தில் படத்தின் பொடி மணிகள். கண்ணில் தூரிகைக் கோடுகள். பொங்கலுக்குப் பொங்கல் நாங்கள் பூ வைத்துக் கும்பிட்ட கண்கள் அவை.

அத்தையிடம் கேட்டேன்.

"ஆமாம்ப்பா, அப்பாயி போனதுக்கப்புறம் நாக்காலியில உக்கார வச்சு எடுத்த படம்தான் அது. உசிரோட இருக்கும்போது எடுக்கணும்னு யாருக்குத் தோணுச்சு? கண்ணை ஸ்டூடியோக்காரரு வரைஞ்சாரு."

"அவரு அப்பாயியைப் பாத்திருக்காரா அத்தை?"

"எங்க பாத்தாரு? கண்ணு எப்படிங்க இருக்கும்னு எங்கப்பாகிட்ட கேட்டாரு. அப்பாவுக்குச் சொல்லத் தெரியலை. அம்மா ஜாடைதானே நீங்கன்னு சொல்லி, அப்பா கண்ணையே பாத்து வரைஞ்சுட்டுப் போனாரு."

அன்று தமிழ்நாட்டில் எத்தனையோ பேருக்கு முதல் படமும் கடைசிப் படமும் சாவன்று எடுத்ததுதான். மூடிய கண்ணைத் திறந்து கொடுப்பது ஸ்டூடியோ வேலையில் ஒன்று. அதை ஏமாற்று என்று என்னால் நினைக்க முடியவில்லை. பார்த்திராத ஒரு கிழவியின் கண்ணை அவள் மகனிடம் தேடிய அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை. இப்படிப்பட்டவர்களின் ஸ்டூடியோக்கள் மூடப்பட்டபோது கண்ணாடித் தட்டுகளும் நெகட்டிவ்களும் குப்பைக்குப் போயின. தப்பியவற்றைத் தேடி, பாண்டிச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு ஸ்கேன் செய்திருக்கிறது. செய்ய வேண்டிய வேலை அது.

இப்போது என் அக்கா மகன், "மாமா, ஆப்ல போட்டா ஆச்சி கண்ணைச் சிமிட்டும்" என்கிறான். வேண்டாம் என்றேன். அந்த ஆப் யாரிடமும் எதையும் கேட்பதில்லை.

சித்தி கல்யாணத்துக்கு மட்டும் மென்பொருளின் துணையை எடுத்துக்கொண்டேன். சிவப்பைக் குறைத்ததும் புடவை ஒருவிதப் பழுப்பானது. சித்திக்குப் போன் செய்தேன். "கிளிப்பச்சைடா. அரக்கு பார்டர். உங்கம்மாதான் எடுத்துக் குடுத்தா" என்றார். அவர் சொன்னபடி பச்சையைக் கூட்டி அனுப்பினேன். "இன்னும் கொஞ்சம் இளசு" என்று பதில் வந்தது.

கொள்ளுப்பாட்டி படத்தில் ஒரு கீறலைக்கூடத் திருத்தவில்லை. கோப்பின் பெயரில் அவர் பெயரையும் ஊரையும் போட்டு, கண்கள் தாத்தாவுடையவை என்று சேர்த்திருக்கிறேன். அடுத்து பாபநாசத்துப் பெரியப்பா வீட்டு டிரங்குப் பெட்டி. அதிலுள்ள படங்களில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்ட இன்று இருப்பவர் அத்தை ஒருவர்தான். அவரையும் உடன் அழைத்துக்கொண்டு போகிறேன்.